காலிஞ்சு கழுத்தும் சுங்குடிப் புள்ளியும்

அன்புள்ள ஐயா,

ஃபேஷன் டிசைன் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வங்கதேசத்தில் இடிந்து விழுந்த ராணா பிளாசா தையல் ஆலைக் கட்டடம் பற்றி ஒரு வகுப்பு நடந்தது. அன்றிலிருந்து, போனில் விதவிதமான உடைகளைப் பார்த்துச் சேமித்து வைப்பதே தப்பு போல இருக்கிறது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை, துணி அவ்வளவு பிடிக்கும். 499 ரூபாய் ஜாக்கெட் ஒன்று ஒரு வாரமாக கார்ட்டில் கிடக்கிறது, வாங்கலாமா? அப்புறம், செமஸ்டர் கலெக்‌ஷனுக்கு மதுரைச் சுங்குடிச் சேலையின் புள்ளிகளை எடுத்து பிரிண்ட் போட நினைக்கிறேன். அது இன்ஸ்பிரேஷனா, திருட்டா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

துணி பிடிக்கும் என்பதையே மன்னிப்புக் கேட்கிற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். தேவையில்லை. நிறையப் பாருங்கள், சேமித்து வையுங்கள். உங்கள் படிப்பே அதுதானே.

ராணா பிளாசாவில் நான் மறக்காத விஷயம் ஒன்று. டாக்கா பக்கத்தில் சாவரில் இருந்த அந்த எட்டு மாடிக் கட்டடத்தில் முந்தின நாளே விரிசல் தெரிந்துவிட்டது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேலே தைக்கிறவர்களை மட்டும் மறுநாள், 2013 ஏப்ரல் 24 காலையில், உள்ளே வரச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஆர்டரை முடித்துக் கொடுக்க வேண்டிய தேதியின் நெருக்கடியும் அதற்கு ஒரு காரணம். அந்தத் தேதி எப்படி நெருக்கும் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும்.

எழுத வருவதற்கு முன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசருக்கு எடுபிடியாக இரண்டு வருஷம் இருந்தேன். சாம்பிள் ஓகே ஆகி, கட்டிங் முடிந்து, டி-ஷர்ட்கள் பாதி தைத்தாகிவிட்டன. அப்போது ஆர்டர் கொடுத்த பையரின் டிசைனரிடமிருந்து ஒரு வரி மெயில் வந்தது: கழுத்துப் பட்டையை, அதாவது ரிப்பை, காலிஞ்சு குறைத்தால் நன்றாக இருக்கும். சுமார் 4,000 பீஸ். ஓவர்லாக் தையலைப் பிரிக்க வேண்டும், ரிப்பை மறுபடி வெட்டி ஏற்ற வேண்டும். செக்கிங்கில் இருந்த பெண்கள் சின்னக் கத்தரியோடு உட்கார்ந்து, ஒன்றரை ஷிஃப்ட் தாண்டியும் பிரித்துக்கொண்டே இருந்தார்கள். பீஸ் கணக்கில் கூலி வாங்கும் டெய்லர்களுக்கு அங்கே பிரித்துத் தைக்கும் ஆல்டர் வேலைக்குக் காசு கிடையாது. ஷிப்மென்ட் தேதியோ ஒரு நாள்கூடத் தள்ளவில்லை. அந்த டிசைனர் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். சொல்லப்போனால், காலிஞ்சு குறைத்த கழுத்து அழகாகத்தான் இருந்தது. நாளைக்கு அந்த மெயிலை அனுப்பப் போகிற நாற்காலியில் நீங்கள் உட்காருவீர்கள். உங்களிடம் எனக்குப் பேச்சு அந்த நாற்காலியைப் பற்றித்தான், கார்ட்டில் கிடக்கிற ஜாக்கெட்டைப் பற்றி அல்ல.

நிறமும் அப்படித்தான். ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏற உப்பைக் கொட்ட வேண்டும், நிறம் அடர அடர உப்பும் கூடும். அந்தத் தண்ணீரெல்லாம் நொய்யல் ஆற்றில் போய், பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போயிற்று. கருப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. நானே கருப்புச் சட்டைக்காரன், இரண்டு அர்த்தத்திலும். நிறம் தேர்ந்தெடுக்க ஷேடு கார்டைப் புரட்டும்போது அந்த அணையும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

உங்கள் கல்லூரியில் திண்டுக்கல் ஒப்பந்தம் பற்றியும் ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள். ஒரு இளம் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் முன்னின்று நடத்தும் ஒரு சங்கம் போராடி, 2022-ல் உற்பத்தியாளரையும் வெளிநாட்டு பிராண்டையும் கையெழுத்துப் போட வைத்தது. பாலியல் தொல்லையைத் தடுக்கும் ஒப்பந்தம். நம் ஊரில் நடந்தது பாடமாக வருவதற்குள் நீங்கள் படித்து முடித்துவிடுவீர்களோ என்னவோ.

சரி, சுங்குடி. மதுரையில் சௌராஷ்டிரர் வீட்டுப் பெண்கள் துணியை நகத்தால் கிள்ளி, நூலைச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கிக் காயவைத்து அவிழ்த்தால், முடிச்சு இருந்த இடத்தில் கோணல்மாணலாக ஒரு வெள்ளை வளையம். துணி அங்கே லேசாகக் கூம்பி நிற்கும், கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் விரலில் தட்டும். புவிசார் குறியீடு எல்லாம் வாங்கியாயிற்று. ஆனாலும் கடையில் சுங்குடி என்று கிடைப்பதில் பெரும்பகுதி பிரிண்ட்தான்.

புள்ளி யாருக்கும் சொந்தமில்லை, பிரிண்ட் போடலாம். போட்டுவிட்டு டேக்கில் சுங்குடி என்று எழுதினால் அது பொய். எங்கிருந்து எடுத்தோம் என்று வாயே திறக்காமல் இருப்பது இன்னொரு வகை. 2025 ஜூனில் பிராடா மிலானில் கோலாப்பூரிச் செருப்பை அப்படியே மேடையேற்றி, வெறும் தோல் செருப்பு என்றது. இங்கே சத்தம் கிளம்பிய பிறகுதான் இந்தியக் கைவினையிலிருந்து வந்தது என்று ஒப்புக்கொண்டது.

என்னைக் கேட்டால், மதுரைக்குப் போய் முடிச்சுப் போடும் ஒருவர் பக்கத்தில் ஒரு நாள் உட்காருங்கள். ஒரு முடிச்சுக்கு எவ்வளவு நேரம், என்ன கூலி என்று கேளுங்கள். செலவுக் கணக்குப் போடும் காஸ்டிங் ஷீட்டில் முடிச்சுக்கூலி என்று ஒரு வரி சேருங்கள். அந்தத் தொகையைப் பார்த்ததும் உடம்பெல்லாம் புள்ளி என்ற திட்டத்தை விட்டுவிட்டு, தோளிலிருந்து சரிகிற மாதிரி நாற்பது புள்ளி போதும் என்று தோன்றும். எனக்கென்னவோ அதுதான் இன்னும் நன்றாக இருக்கும் என்று படுகிறது.

ஜாக்கெட்டை வாங்குவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். வாங்கினால், வந்ததும் உள்பக்கம் திருப்பி காஜாவைப் பாருங்கள். அந்த விலைக்கு நூல் தொங்கத்தான் செய்யும். ரிட்டர்ன் போட வேண்டாம், ஊசி நூல் எடுத்து நீங்களே கட்டிவிடுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவிக்குப் பத்து நிமிஷ வேலை.