பூனை ஏன் இப்படி கத்துது? ஞாயித்துக்கிழமை கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் ஆடு கோழி பத்தி பேசுனோம், இந்த வாரம் பூனைன்னு சொன்னதுமே கேள்வி வந்து குவிஞ்சிருச்சு. புதுசா வந்தவங்களுக்கு, நான் டாக்டர் இல்ல, ராமநாதபுரம் மாவட்டத்துல மண்டபம், உச்சிப்புளி, திருப்புல்லாணி பக்கம் 27 வருஷம் கால்நடை ஆய்வாளரா இருந்தவ, வீட்டுல எந்நேரமும் அஞ்சாறு பூனை உண்டு. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன், பூனைக்கு பாராசிட்டமால் குடுக்காதீங்க. கால் மாத்திரையும் வேணாம், பிள்ளைகளுக்கு குடுக்குற சிரப்பும் வேணாம். நம்ம ஈரல் அந்த மருந்தை உடைச்சு வெளிய தள்ளும், பூனை ஈரலுக்கு அது முடியாது, ரத்தம் கெட்டு ஈறு பழுப்பாகி செத்துரும்.

பாம்பன்லேர்ந்து ஒரு தங்கச்சி: அக்கா, ஒன்றரை வயசு பொட்டப்பூனை, கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சு, நல்லா சாப்பிடுது. ஏப்ரல் பாதிலேர்ந்து விடியக்காலைல வாசக்கதவுக்கிட்ட நின்னு ஒரே கத்து. வீட்டுக்காரர் விசைப்படகுக்கு போறவுக. பசியா?

தங்கச்சி, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம், உங்க வீட்டுக்காரர் வீட்டுல இருக்காக, விடியக்காலைல பையில மீனோட கதவை தட்டுற ஆள் இப்ப இல்ல. பூனைக்கு தடைக்காலம் தெரியாது, அந்த நேரம் தெரியும். தடை இல்லாத மாசத்துலயும் கடலுக்கு போக வாரத்துல விசைப்படகு 3 நாள், நாட்டுப்படகு 4 நாள்னு தான கணக்கு, கவனிச்சு பாத்திருந்தீங்கன்னா படகு திரும்புற காலைல மட்டும் அது வாசல்ல வந்து உக்காந்திருக்கும்.

இதுல பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, எல்லாரும் கேட்டுக்கோங்க. மீன் ஏலம் நடக்குற எடத்துல இருவது பூனை உக்காந்திருக்கும், ஒண்ணைப் பாத்து ஒண்ணு மியாவ்னு சொல்லி கேட்டிருக்கீங்களா? கேட்டிருக்க மாட்டீங்க. சீறும், உறுமும், சண்டைக்கு ஊளை விடும், குட்டிய கூப்பிட தாய் தொண்டைக்குள்ள ‘ப்ர்ர்’ங்கும். மியாவ்ங்கிறது குட்டி தாயப் பாத்து கத்துறது, வளந்த பூனைகளுக்குள்ள அது அனேகமா கிடையாது. அதே வளந்த பூனை கூடைய தலைல வச்சு ஒரு அம்மா வந்துட்டா அந்த அம்மாவ பாத்து மியாவ்ங்கும். நம்மள பாத்து தான் வச்சிருக்கு அந்த சத்தத்தை. 1944லயே மில்ட்ரெட் மோல்க்ங்கிற அம்மா பூனை சத்தத்தை உக்காந்து கேட்டு 16 வகையா பிரிச்சு எழுதி வச்சிருக்காக. 2009ல இங்கிலாந்துல கேரன் மெக்கோம்ப்னு ஒருத்தர் குழு இன்னொண்ணு கண்டுபிடிச்சாக, சாப்பாடு கேக்கும்போது பூனை குர்ர்குர்ர்ங்குற சத்தத்துக்குள்ளயே குழந்தை அழுகை மாதிரி ஒரு உச்ச குரலை சேத்து விடுதாம், அத கேட்டா நமக்கு சும்மா இருக்க முடியல.

அதனால என்னாகுதுன்னா, கத்துச்சு, நீங்க எந்திரிச்சு ஒரு துண்டு போட்டீங்க, அடுத்த நாள் 4 மணிக்கு கத்துனா வரும்னு அது படிச்சுக்கிச்சு. தீனிய ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி வைங்க, காலைல கத்தும்போது எந்திரிக்காதீங்க, திட்டவும் வேணாம், திட்டுனாலும் அதுக்கு அது பதில் தான். மொத நாலஞ்சு நாள் இப்ப கத்துறத விட கூடவே கத்தும், அப்ப மனசு இளகி எந்திரிச்சீங்கன்னா ‘அவ்வளவு நேரம் கத்தணும்’னு கத்துக்கும். பொறுத்தீங்கன்னா கொறஞ்சிரும்.

கீழக்கரையிலேர்ந்து ஒரு தங்கச்சி: லாத்தா, உம்மா ஒரு குட்டி எடுத்துட்டு வந்தாக, ஒரு மாசம் இருக்கும். பகலும் ராத்திரியும் கத்துது, பால் வச்சா குடிச்சிட்டு பேதி ஆகுது.

மாட்டுப்பாலை நிறுத்துங்கம்மா, செரிக்காது, அந்த பேதியிலயே குட்டி வத்திப்போயிரும். குட்டிக்குன்னு விக்கிற பால்பவுடர் ராமநாதபுரத்துல கிடைக்கும், அத கரைச்சு குடுங்க, கூட வேகவச்ச கோழிய மசிச்சு நக்க விடுங்க. ஒரு மாசக்குட்டிக்கு தாயும் கூடப்பிறந்ததுகளும் இன்னும் ஒரு மாசமாவது வேணும், அந்த சூடு இல்லாம தான் அழுகுது. பாட்டில்ல வெதுவெதுப்பா தண்ணி ஊத்தி துணி சுத்தி பக்கத்துல வைங்க. தாய் எங்கன்னு தெரிஞ்சா கொண்டுபோய் விட்டுருங்க, மனுசங்க தொட்டா தாய் சேக்காதுங்குறது பொய்.

ஏர்வாடி தம்பி: 7 மாச பொட்டப்பூனை, தரையில உருண்டு உருண்டு அடித்தொண்டையில கத்துது, பின்பக்கத்தை தூக்குது. வயித்து வலின்னு நெனச்சு பாராசிட்டமால் கால் மாத்திரை குடுக்கலாமான்னு...

குடுக்காதீங்க! மேல தான சொன்னேன் தம்பி. அது பருவத்துக்கு வந்திருக்கு, வலி இல்ல. ஒரு வாரம் கத்தும், அடங்கும், கடுவன் (ஆண் பூனை) சேரலன்னா ரெண்டு மூணு வாரத்துல திரும்ப வரும். குளிர் நாட்டுல பகல் நீளுற மாசத்துல தான் இது, நம்ம ஊர்ல பகல் நேரம் வருஷம் முழுக்க கிட்டத்தட்ட ஒண்ணு தான, அதனால வருஷம் முழுக்க வரும். ஆபரேஷன் பண்ணுங்க, அது ஒண்ணு தான் தீர்வு. கருத்தடை ஊசி இருக்குன்னு யாராவது சொன்னா வேணாம்னுருங்க, கர்ப்பப்பையில சீழ் பிடிச்சும் மடியில கட்டி வந்தும் துடிச்ச பூனைகளை நான் கண்ணால பாத்திருக்கேன்.

தேவிபட்டினம்: ராத்திரி பூனை அழுதா சாவு விழும்னு மாமியார் சொல்றாங்க.

ரெண்டு கடுவன் எல்லைக்கு சண்டை போடுது, இல்லன்னா பொட்டை பருவத்துல இருக்கு. சாவு இல்ல.

தங்கச்சிமடம்: 14 வயசு பூனை, நல்லா சாப்பிட்டும் எலும்பா போச்சு, ராத்திரி சுவத்தை பாத்து ஊளை விடுது.

இது எனக்கு முக்கியமான கேள்வி. வயசான பூனை புதுசா கத்த ஆரம்பிச்சா வயசுன்னு விட்டுறக் கூடாது. தின்னும் இளைக்குதுன்னா தைராய்டு கூடியிருக்கலாம், நெறைய தண்ணி குடிக்குதுன்னா கிட்னி, ரெண்டுலயும் பிரஷர் ஏறி கண்ணு கூட போகலாம், காது மங்குனாலும் தன் சத்தம் தனக்கு கேக்காம கூடுதலா கத்தும். ரத்தத்துல தைராய்டும், கிட்னிக்கு கிரியாட்டினினும் பாக்க சொல்லுங்க. மாத்திரையிலயே இன்னும் சில வருஷம் நிம்மதியா இருக்கலாம்.

உச்சிப்புளி: பூனை ரொம்ப கத்துது, என்ன மருந்து?
தொண்டி: என் பூனையும் கத்துது, என்ன மருந்து குடுக்க?
பெரியபட்டினம்: கத்தாம இருக்க மருந்து இருக்கா?

மூணு பேருக்கும் ஒரே பதில், கத்துறதுக்கு மருந்து கிடையாது. வயசு என்ன, ஆணா பொண்ணா, ஆபரேஷன் ஆச்சா, எப்பலேர்ந்து, சாப்பிடுதா, ஒண்ணுக்கு ரெண்டுக்கு போகுதா, இத எழுதாம என்னால எதுவும் சொல்ல முடியாது. மேல உள்ளதை படிச்சிட்டு கேளுங்க.

சாயல்குடி: எங்க பச்சைக்கிளியும் கத்திக்கிட்டே இருக்கு.

பச்சைக்கிளிய கூண்டுல வைக்கிறதே சட்டப்படி தப்பு. வனத்துறைக்கு சொல்லுங்க.

ராமேஸ்வரத்துலேர்ந்து ஒரு அண்ணன்: எங்க வீட்டுப் பூனைய இடுப்புல தொட்டாலே கத்துது, முன்ன மடியில படுத்துக்கிடக்கும். தினம் சூடையும் சாளையும் பச்சையா தான், வேற எதையும் தொடாது.

அண்ணே, மீனை உடனே நிறுத்துங்க. எண்ணெய் கூடுன மீனையே மாசக்கணக்கா தின்னா உடம்புல வைட்டமின் ஈ தீந்து தோலுக்கு கீழ இருக்க கொழுப்பு இறுகி மஞ்சளா வீங்கிரும், தொட்டா உயிர் போற வலி. டாக்டர்கிட்ட ‘மீன் மட்டும் தான் தின்னுச்சு’ன்னு மறக்காம சொல்லுங்க.

அதே அண்ணன்: என்னம்மா இது, எங்க அப்பா காலத்துலேர்ந்து கடற்கரை பூனை பச்ச மீன் தின்னு தான் வளந்துச்சு. பூனைக்கு மீன் ஆகாதுன்னா யாரு நம்புவா?

மண்டபம் தம்பி: கரெக்ட்ணே. பாக்கெட் தீனி விக்கிறவன் கெளப்பிவிட்டது இது.

தொண்டி: எங்க பூனை நெத்திலி மட்டும் தான், 9 வருஷமா நல்லா இருக்கு.

இருங்க, எல்லாருக்கும் சேத்து சொல்றேன். உங்க அப்பா காலத்து பூனை மீன் தலைய தின்னுட்டு ஓலைக்கூரையில ஏறி எலி, ஓணான், அணில் புடிச்சு தின்னுச்சு. பாதி சத்து அதுலேர்ந்து வந்துச்சுண்ணே. இன்னைக்கு பூனை கதவு சாத்துன காரை வீட்டுக்குள்ள கிடக்கு, நீங்க போடுறது மட்டும் தான் அதுக்கு. பூனையோட மூதாதை கடல் ஓரத்துல பொறந்தது இல்ல, மேற்காசியா, ஆப்பிரிக்கா பக்கத்து வறண்ட காட்டுப்பூனை, எலி தான் அதோட சாப்பாடு. நெத்திலி மாதிரி சில மீன்ல பச்சையா இருக்கும்போது ஒரு நொதி இருக்கு, அது வைட்டமின் பி1ஐ அழிச்சிரும். அதுலயே வளந்த பூனை ஒருநாள் தள்ளாடும், கழுத்து நெஞ்சுப்பக்கமா மடங்கும். வேகவச்சா அந்த நொதி செத்துரும்.

மண்டபம் தம்பி: அப்ப பாக்கெட் தான் வாங்கணுமா? கிலோ என்ன வெலன்னு தெரியுமா உங்களுக்கு?

வாங்க சொல்லவே இல்லையே தம்பி. காரல், பாரை எது மலிவோ அத உப்பு மஞ்சள் இல்லாம வேகவச்சு முள் எடுத்து வாரத்துல ரெண்டு நாள் குடுங்க, மிச்ச நாள் கோழி, கொஞ்சம் ஈரல், முட்டை, வேகவச்ச தண்ணியோட. கருவாடு வேணாம், உப்பு. பேத்தை மீனை, அதான் பலூன் மாதிரி உப்புற விஷ மீனை, கரையில சும்மா வீசாதீங்க, அந்த விஷத்துக்கு மாத்து மருந்து கிடையாது. அப்புறம் பூனை வாயிலேர்ந்து தங்கூசி (தூண்டில் நைலான் நூல்) தொங்குனா இழுக்காதீங்க, உள்ள தூண்டில் முள் இருக்கும், குடலை கிழிச்சிரும்.

ராமேஸ்வரம் அண்ணன்: கணவாய் தலையாவது...

அண்ணே, கணவாயும் பச்சையா வேணாம், வேகவச்சு எப்பவாவது. இப்ப மீன் பேச்சு போதும், நடுவுல ஒரு தம்பி முக்கா மணி நேரம் முன்னாடி கேட்டது கீழ போயிருச்சு, இப்ப தான் பாக்கேன்.

திருப்பாலைக்குடி தம்பி: அக்கா, 3 வயசு கடுவன், நேத்து சாயங்காலத்துலேர்ந்து மண்ணை தோண்டி தோண்டி உக்காருது, ஒண்ணும் வரல, அனத்துது. மலச்சிக்கலா?

தம்பி, இருக்கியா? அது மலச்சிக்கல் இல்ல, மூத்திரம் அடைச்சிருக்கு. கடுவனுக்கு குழாய் ஊசி மாதிரி சின்னது, கல்லோ சளியோ அடைச்சுக்கும். நேத்து சாயங்காலம்னா 24 மணி நேரம் ஆகப்போகுது, கிட்னி போய் பொட்டாசியம் ஏறி இதயம் நின்னுரும். விளக்கெண்ணெய் குடுக்காத, வயித்தை அமுக்காத, வாயில தண்ணி ஊத்தாத. பத்து வருஷம் முன்னாடி என் செவலைக் கடுவன் இதே மாதிரி அனத்துனப்ப நானே மலச்சிக்கல்னு நெனச்சு விளக்கெண்ணெய் குடுத்தேன், காலைல வெறச்சு கிடந்துச்சு, அந்த சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. சாதாரண மியாவ் இல்ல அது, வாய் முழுசா தொறக்காம அடிவயித்துலேர்ந்து இழுத்து இழுத்து வரும்.

திருப்பாலைக்குடி தம்பி: ஆமாக்கா அப்படி தான் இருக்கு. ரெண்டு தடவ வாந்தியும் எடுத்துச்சு. இன்னைக்கு ஞாயிறுக்கா, யாரு இருப்பா?

வாந்தி வந்துருச்சுன்னா விஷம் ஏறிருச்சு, நாளைக்கு வரை தாங்காது. துணிக்கூடையில வச்சு இப்பவே ராமநாதபுரம் கெளம்பு. எனக்கு தனியா நம்பர் அனுப்பு, நான் தெரிஞ்ச டாக்டருக்கு போன் போட்டு கதவை தொறக்க சொல்றேன். போனதும் வேற கதை சொல்லாத, ‘நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஒண்ணுக்கு போகல’ன்னு மட்டும் சொல்லு, டியூப் போட்டு எடுப்பாக.

திருப்பாலைக்குடி தம்பி: ஆட்டோ வந்துருச்சுக்கா, ஏறிட்டேன்.

டாக்டர் எடுத்துட்டாக தம்பி, அரை மணி நேரத்துல கிளினிக்ல இருப்பேன்னாக. மத்தவங்க கேள்விய அடுத்த ஞாயிறு பாக்குறேன், நான் போன்ல இருக்கணும்.