லியோன்ஹார்ட், ஹார்ப்சிகார்ட் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய ஐரோப்பிய இசையான பரோக் பற்றிய உங்கள் குறிப்பில், பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியமான ஹார்ப்சிகார்டை வாசித்த குஸ்தாவ் லியோன்ஹார்ட் என்ற பெயரைப் பார்த்துத் தேடிக் கேட்டேன். உண்மையைச் சொன்னால் பத்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. எல்லா ஸ்வரமும் ஒரே சத்தத்தில், சில்லறையைக் கொட்டியதுபோல விழுந்துகொண்டே இருக்கிறது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் (Bach) அதே இசையைப் பியானோவில் கேட்டால் மனம் கரைகிறது. பியானோ வந்த பிறகும் ஒருவர் 60 வருடம் இந்த வாத்தியத்தோடும் 17, 18-ஆம் நூற்றாண்டு இசையோடும் மட்டுமே வாழ்ந்தது பிடிவாதம்தானே? கலைஞன் தன்னை இப்படிக் குறுக்கிக்கொள்ளலாமா?

அன்புடன்
ரா.

அன்புள்ள ரா.,

எனக்கும் முதலில் அப்படித்தான் கேட்டது. காரணம் வாத்தியத்திலேயே இருக்கிறது. பியானோவில் கட்டையை அழுத்தினால் ஒரு சுத்தியல் தந்தியை அடிக்கும். ஓங்கி அழுத்தினால் ஒலி பெரிதாகும். ஹார்ப்சிகார்டில் கட்டையின் மறுமுனையில் மெல்லிய மரச்சட்டம் ஒன்று நிற்கிறது. அது எழும்பும்போது அதில் செருகிய சிறு துண்டு தந்தியை மீட்டிவிட்டுப் போகும். அந்தக் காலத்தில் காக்கை இறகின் தண்டைச் சீவிச் செருகினார்கள், இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். விரல் எவ்வளவு பலமாக விழுந்தாலும் ஒலி ஏறக்குறைய ஒன்றுதான்.

சரி, அப்படியானால் ஒரு ஸ்வரத்தை அழுத்திச் சொல்வது எப்படி? லியோன்ஹார்டின் வாழ்நாள் உழைப்பு முழுக்க இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. பலத்தால் முடியாததை அவர் நேரத்தால் செய்தார். முக்கியமான ஸ்வரம் வருவதற்கு முன்னால், அதற்கு முந்தையதைக் கொஞ்சம் சீக்கிரமே விட்டுவிடுவார். நூலிழை அளவு மௌனம். அதற்குப் பிறகு வருவது காதுக்குப் பெரிதாகக் கேட்கும். இன்னோர் இடத்தில் விரலை எடுக்காமலே ஒரு ஸ்வரத்தின் மேல் அடுத்ததைப் படரவிடுவார், வாத்தியம் பாட ஆரம்பித்துவிடும். பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டிய இடத்தில் அவற்றைக் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு முறையும் வேறு வேகத்தில் விரிப்பார். நீங்கள் சத்தத்தில் ஏற்ற இறக்கம் தேடியிருக்கிறீர்கள். இங்கே அது இடைவெளியில் இருக்கிறது.

அவர் 1928-இல் ஹாலந்தில் பிறந்தார். பாசல் நகரில் படித்துவிட்டு 1950-இல் வியன்னாவில் முதல் கச்சேரி வாசித்தார். எடுத்துக்கொண்டது பாக்கின் 'ஆர்ட் ஆஃப் ஃபியூக்'. ஒரே மெட்டைப் பல இசை வரிகள் (குரல்கள் என்பார்கள்) ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் தொடரும் வடிவம்தான் ஃபியூக். நான்கு குரல்களையும் தனித்தனி வரிகளில் எழுதி, எந்த வாத்தியம் என்றே சொல்லாமல் பாக் விட்டுவிட்டுப் போன படைப்பு. இரண்டே கைகளால் விசைப்பலகையில் வாசிக்க முடிகிற விதத்தில் அது எழுதப்பட்டிருப்பதைக் காட்டி, அது ஹார்ப்சிகார்டுக்கானதுதான் என்று 1952-இல் ஓர் ஆய்வே வெளியிட்டார். அப்போது வயது 24.

அன்று கிடைத்த ஹார்ப்சிகார்டுகளில் பல, பியானோ தயாரிப்பு முறையைப் பின்பற்றிச் செய்த கனத்த வாத்தியங்கள். அவருக்கு அவை போதவில்லை. 1745-இல் ஆன்ட்வெர்ப்பில் டுல்கன் என்ற கைவினைஞர் செய்த ஒன்றைப் பின்பற்றி, வாத்தியம் செய்யும் மார்ட்டின் ஸ்கோவ்ரோனெக் 1962-இல் அவருக்கு ஒரு ஹார்ப்சிகார்ட் செய்து கொடுத்தார். பழைய இசையைப் பழைய வாத்தியத்தில் வாசிப்பது அருங்காட்சியக வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது ஒப்புதல் இல்லை. வாத்தியம் மாறினால் விரலுக்கு வேறு பதில் கிடைக்கிறது, அதனால் இசையே வேறாகிவிடுகிறது.

நீங்கள் குறுகல் என்று சொல்வதற்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். அவர் ஆர்கனும் வாசித்தார். இசைக்குழு நடத்துநராக, இன்னொரு நடத்துநரான நிக்கோலாஸ் ஹார்னோன்கூருடன் பங்கிட்டுக்கொண்டு, பாக்கின் சுமார் 200 தேவாலய கான்டாட்டாக்களை, அதாவது குரலும் வாத்தியமும் சேர்ந்த வழிபாட்டு இசைப் படைப்புகளை, பதிவு செய்தார். அந்தக் காலத் தேவாலயங்களில் இருந்ததுபோலவே உச்சஸ்தாயியைப் பெரும்பாலும் சிறுவர்களே பாடினார்கள். சில இடங்களில் அந்தக் குரல்கள் தடுமாறும். எனக்கு அந்தத் தடுமாற்றம் மிகவும் பிடிக்கும். வேலை முடிய ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆயின. இடையில் 1968-இல் வெளிவந்த ஒரு படத்தில் விக் அணிந்து பாக்காகவே உட்கார்ந்து வாசித்தார். பின்னாளில் பழைய இசையில் பேர்பெற்ற டான் கோப்மன், கிறிஸ்டோபர் ஹாக்வுட் எல்லாம் அவரிடம் படித்தவர்கள். கடைசிக் கச்சேரி 2011 டிசம்பரில், பாரிசில். அடுத்த மாதம் இறந்துவிட்டார்.

பிடிவாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் ஃப்ரோபெர்கர் என்ற இசையமைப்பாளரை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

ஃப்ரோபெர்கர் பாக் பிறப்பதற்கு முன்பே இறந்தவர். 1652-இல் பாரிசில் அவருடைய நண்பர், லூட் என்ற தந்தி வாத்தியம் வாசிக்கும் பிளான்ரோஷே, படிக்கட்டில் தவறி விழுந்து இறந்துபோனார். அந்த நண்பருக்காக எழுதிய அஞ்சலி ஒன்று இருக்கிறது. தாளக்கட்டைப் பார்க்காமல் மெதுவாக, வாசிப்பவர் விருப்பப்படி வாசிக்க வேண்டும் என்று ஏட்டில் குறிப்பு உண்டு. நேரம் ஒன்றை மட்டுமே கையில் வைத்திருக்கும் வாத்தியத்துக்கு இதைவிடப் பொருத்தமான இசை எனக்குத் தெரியாது. லியோன்ஹார்ட் அதைப் பதிவு செய்திருக்கிறார்.

மறுபடி கேட்கும்போது இதிலிருந்து தொடங்குங்கள். இரவில் கேளுங்கள், ஒலியை அரைவாசிக்கும் கீழே குறைத்து வையுங்கள். ஹார்ப்சிகார்ட் ஓர் அறைக்குள் வாசிக்கும் வாத்தியம், பியானோ அளவுக்கு ஒலியைக் கூட்டி வைத்தால் சில்லறைச் சத்தம்தான் வரும். முடிவில் ஸ்வரங்கள் ஒவ்வொரு படியாக இறங்கி ஆழத்துக்குப் போகும், விழுந்த மனிதரோடு கூடவே இறங்குவதுபோல. அந்த இறக்கத்தில் ஒவ்வொரு படியிலும் லியோன்ஹார்ட் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.