பள்ளி வேலையை விட்டாச்சு, அடுத்து என்ன? – வாசகர் கேள்விகள்

மே மாதம் நெருங்கினாலே தனியார் பள்ளி ஆசிரியர்களின் கடிதங்கள் குவிந்துவிடும். இந்த முறையும் அப்படித்தான். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பன்னிரண்டு வருஷம் கணிதம் எடுத்தேன். ஐ.டி.யில் சேர எந்த கோர்ஸ் படிக்கலாம்? – திருப்பூர்

ஐ.டி. என்பது ஒரே வேலை இல்லை. டெஸ்டிங், சப்போர்ட், டேட்டா அனாலிசிஸ், டிரெயினிங் எனப் பல வேலைகள் அதில் இருக்கின்றன. எதில் போகப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் கோர்ஸ் தேடினால், கோர்ஸ் விற்பவர்தான் உங்களுக்கான வேலையையும் முடிவு செய்வார். கணித ஆசிரியர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் வாசல் டேட்டா அனாலிசிஸ். எக்செல்லை ஆழமாகவும், அப்புறம் டேட்டாபேஸிலிருந்து தகவலை எடுக்க உதவும் எஸ்.க்யூ.எல். மொழியையும் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்வயம், என்.பி.டி.இ.எல். என்ற மத்திய அரசு ஆதரவு பெற்ற ஆன்லைன் கல்வித் தளங்களில் பாடங்கள் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக் கட்டணம் ஆயிரம் ரூபாய் அளவில் வரும். லட்ச ரூபாய் கட்டணம் வாங்கும் பயிற்சி மையத்தில் காலடி வைப்பதற்கு முன், அந்த வேலையில் இப்போது இருக்கும் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். இதை எத்தனை முறை எழுதினாலும், பணம் கட்டிய பிறகுதான் எனக்குக் கடிதம் வருகிறது.

எனக்கு எந்த வேலை பொருந்தும்? உடனே பதில் தேவை. – ஊர் இல்லை

வயது, படிப்பு, பாடம், எத்தனை வருட அனுபவம், வெளியூர் போக முடியுமா முடியாதா, எதையுமே எழுதவில்லை. இதை வைத்து நான் என்ன சொல்வது? முழுக் கடிதம் எழுதுங்கள்.

முப்பது இடத்துக்கு பயோடேட்டா அனுப்பியும் ஓர் அழைப்புகூட இல்லை. இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். – நாமக்கல்

பார்த்தேன். முதல் வரியில் அப்பா பெயர், இரண்டாவது வரியில் மதம், மூன்றாவது வரியில் திருமண விவரம். ஒன்பது வருட உழைப்புக்கு ஒரே வரிதான்: '6 முதல் 10 வரை அறிவியல் பாடம் எடுத்தேன்.' பள்ளிக்கு வெளியே இருக்கும் ஆளுக்கு இதிலிருந்து ஒன்றும் விளங்காது. நீங்கள் செய்ததை அவருக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். மூன்று பிரிவு, சுமார் 120 மாணவர்கள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு வினாத்தாள் தயாரித்தது. புதிதாக வந்த ஆசிரியர்களுக்குப் பாடக்குறிப்பு எழுதப் பழக்கியது. எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் விவரத் தளம்) பதிவு முழுவதையும் பார்த்துக்கொண்டது. கோபமாக வந்த பெற்றோரைச் சமாதானப்படுத்தி அனுப்பியது. கடைசியாகச் சொன்னதைத்தான் கஸ்டமர் சப்போர்ட் நிறுவனங்கள் தேடுகின்றன. உங்கள் பயோடேட்டாவில் அது இல்லவே இல்லை. அப்பா பெயரை எடுத்துவிட்டு இவற்றைப் போடுங்கள்.

ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டு வருஷம் ஆங்கில ஆசிரியை. ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்து, 15 நாளில் சேர வேண்டும். என் ஒரிஜினல் சான்றிதழ்கள் தாளாளரிடம் இருக்கின்றன. கல்வியாண்டு முடியாமல் போனால் மூன்று மாதச் சம்பளம் கட்டச் சொல்கிறார். ஆசிரியர்களுக்கு கிராஜுவிட்டி (பணிக்கொடை) கிடையாது என்றும் சொல்கிறார். – சேலம்

வருடா வருடம் இந்தக் கடிதம் வருகிறது. ஊரும் பாடமும்தான் மாறுகின்றன. கையில் ஆஃபர் லெட்டர் இருந்தும், ஆபீஸ் ரூம் பீரோவுக்குள் டிகிரி பூட்டிக் கிடப்பதால் வேலையில் சேர முடியாமல் போனவர்களை எனக்குத் தெரியும். இதைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது.

முதலில் சான்றிதழ். அது உங்கள் சொத்து. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதை ஈடாகப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் காலம் பற்றி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், பள்ளி அந்தப் பணத்தைச் சட்டப்படி கேட்கலாம். அது தனிக் கணக்கு. அதற்காகச் சான்றிதழைப் பிடித்துவைக்க முடியாது. அதனால் இன்றைக்கே ராஜினாமா கடிதத்தையும், சான்றிதழைத் திருப்பிக் கேட்கும் கடிதத்தையும் தனித்தனியாக எழுதி மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். நேரில் போய்க் கெஞ்சினால் ஒரு துண்டுக் காகிதம்கூட ஆதாரமாக மிஞ்சாது. ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ், கூடவே காவல் நிலையத்தில் புகார். பெரும்பாலும் நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததுமே பீரோ திறந்துவிடும். புது நிறுவனத்திடமும் நிலைமையை மறைக்காமல் சொல்லுங்கள். பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களை டிஜிலாக்கரில் (அரசின் டிஜிட்டல் ஆவணப் பெட்டகம்) எடுத்துக் காட்டி, மற்றவற்றுக்கு அவகாசம் கேட்கலாம்.

அடுத்தது கிராஜுவிட்டி. தாளாளர் சொல்வது பழைய கதை. 2004-இல் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் 2009-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3-ஆம் தேதியிலிருந்தே ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று ஆக்கிவிட்டது. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் போதும், நீங்களாக ராஜினாமா செய்தாலும் உரிமை உண்டு. கணக்கு எளிது: கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தோடு பஞ்சப்படியைக் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்குங்கள். உங்களுக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 22,000 என்று வைத்தால், எட்டு வருடத்துக்கு ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. பள்ளி தராவிட்டால் தொழிலாளர் துறையில் மனுப் போடுங்கள். தாமதத்துக்கு வட்டியும் கேட்கலாம். எட்டு வருட உழைப்பின் காசு அது, விட்டுக்கொடுக்காதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். எங்கே சேர்ந்தாலும் ஒரிஜினலைக் காட்டுங்கள், அவர்கள் சரிபார்த்ததும் அங்கேயே கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். நகல் மட்டும்தான் அவர்களிடம் இருக்க வேண்டும்.

என் மனைவி ஆசிரியர் வேலையை விடப் போகிறார். வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி ஒரு நல்ல வேலை சொல்லுங்கள். – கரூர்

கடிதத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள்.

பி.எட். முடித்திருக்கிறேன். கவுன்சலர் ஆக ஆசை. ஒரு ஆன்லைன் கல்வி நிறுவனம் 'அகாடமிக் கவுன்சலர்' வேலைக்கு அழைத்திருக்கிறது. – திருச்சி

அது பெரும்பாலும் விற்பனை வேலை. பெற்றோருக்கு போன் போட்டு கோர்ஸை விற்க வேண்டும், மாதா மாதம் டார்கெட் இருக்கும். விற்பனை பிடிக்கும் என்றால் தாராளமாகப் போங்கள், அதில் தவறில்லை. ஆனால் சேர்வதற்கு முன் டார்கெட் எவ்வளவு, அதை எட்டாத பட்சத்தில் சம்பளம் குறையுமா என்று எழுத்தில் கேளுங்கள். மனநல ஆலோசகர் ஆவது வேறு பாதை. அதற்கு பி.எட். போதாது. உளவியலில் முதுகலையும், மேற்பார்வையோடு கூடிய பயிற்சியும் வேண்டும். இதிலும் அதே பேச்சுதான்: கட்டணம் கட்டும் முன் அந்த வேலையில் இருப்பவரைப் பாருங்கள்.

டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 25,000. பதிவுக் கட்டணமாக 2,500 கேட்கிறார்கள். கட்டலாமா? – தஞ்சாவூர்

கூடாது. வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். ஏற்கெனவே கட்டியிருந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு போன் செய்யுங்கள்.

அரசு உதவி பெறும் பள்ளியில் இருக்கிறேன். வேலையை விடும் முன்பே டியூஷன் சென்டர் ஆரம்பித்துப் பார்க்கலாமா? – விருதுநகர்

கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. மனைவி பெயரில் நடத்தலாமா என்று அடுத்த வரியிலேயே கேட்டிருக்கிறீர்கள். போய்ப் பாடம் எடுக்கப் போவது நீங்கள் என்றால் பெயரை மாற்றி என்ன பயன்? வேலையை விட்ட பிறகு ஆரம்பியுங்கள். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், கோச்சிங்குக்கு 18 சதவீதம். முதல் ஆறு மாதம் வாடகைக் கட்டடம் வேண்டாம், வீட்டு ஹாலே போதும்.

பி.எஃப். ஒன்பது வருஷம் கட்டியிருக்கிறேன். முழுவதையும் எடுத்து ஒரு கோர்ஸ் படிக்கலாமா? – வேலூர்

வேண்டாம். பத்து வருடம் நிறைந்தால் பி.எஃப். ஓய்வூதியத்துக்குத் தகுதி வரும். இன்னும் ஒரே வருடம்தான். புது நிறுவனத்தில் அதே யு.ஏ.என். எண்ணை (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கொடுத்து பழைய கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். சேரும் இடத்தில் பி.எஃப். இல்லையென்றால், ஓய்வூதியப் பங்கைப் பணமாக எடுக்காமல் இதுவரையிலான பணிக்காலத்தை ஓய்வூதியத்துக்குக் காட்டும் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்ன கோர்ஸ் என்று நீங்கள் எழுதவே இல்லையே?

வேறு வேலைக்குப் போய்விட்டால் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி வீணாகிவிடுமா? – புதுக்கோட்டை

வீணாகாது. 2011-இலிருந்து தேர்ச்சி பெற்ற எல்லோருக்கும் அது ஆயுள் முழுக்கச் செல்லும் என்று 2021-இலேயே அறிவித்துவிட்டார்கள். சான்றிதழைப் பத்திரமாக உங்கள் வீட்டில் வையுங்கள். புது ஆபீஸில் கொடுத்துவிட்டு வராதீர்கள்.