‘ஃபைன் கட்டியாச்சே, இன்னுமா கேஸ் இருக்கு?’

சட்டம்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்கள் ஒரே கவலையைச் சுற்றி வருகின்றன. வேலை கிடைத்துவிட்டது, சேரும் நேரத்தில் பழைய வழக்கு தலைகாட்டுகிறது. எழுதியவர்களின் பெயர்களை நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: 2014 கோயில் திருவிழாவில் கைகலப்பு. என் மேல் இந்திய தண்டனைச் சட்டம் 294(பி) (பொது இடத்தில் ஆபாசப் பேச்சு), 323 (அடித்துக் காயப்படுத்தியது) பிரிவுகளில் கேஸ் போட்டார்கள். ‘ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டா இன்னைக்கே முடிஞ்சிடும்’ என்றதால் காரைக்குடி கோர்ட்டில் 1,500 ரூபாய் கட்டினேன். இப்போது சென்னை கம்பெனி ஒன்றில் ஆஃபர் வந்திருக்கிறது. படிவத்தில் ‘குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா?’ என்பதற்கு ‘இல்லை’ என்று போட்டேன். பேக்ரவுண்ட் ரிப்போர்ட்டில் கேஸ் வந்துவிட்டது. 3 நாளில் விளக்கம் கேட்கிறார்கள். ஜெயிலுக்கே போகாதபோது இது எப்படித் தண்டனை? – வாசகர், புதுவயல்

பதில்: அபராதமும் தண்டனைதான். நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிந்து, குற்றவாளி என்று முடிவு செய்த பிறகுதான் மாஜிஸ்திரேட் அபராதம் போடுவார். கோர்ட் வராந்தாவில் இதை யாரும் சொல்வதில்லை. அன்றைக்கு அலைச்சல் மிச்சம் என்று கட்டிய பணம், பத்து வருடம் கழித்து இப்படி வந்து நிற்கும். அடிபட்டவரோடு கோர்ட்டிலேயே முறைப்படி சமாதானம் ஆகியிருந்தால் 323-ஐப் பொறுத்தவரை அது விடுதலைக்குச் சமம். 294(பி) அந்தச் சமாதானப் பட்டியலில் இல்லாததால்தான் இந்த ‘ஃபைன்’ யோசனை அடிக்கடி சொல்லப்படுகிறது.

ரிப்போர்ட் தயாரிக்கும் நிறுவனங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது குறைவு. கோர்ட் வழக்கு விவரங்கள் உள்ள இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெயர், மாவட்டம் வைத்துத் தேடுவார்கள். சி.சி., எஸ்.டி.சி. என்று தொடங்கும் எண்களில் சின்ன வழக்குகளும் கிடைத்துவிடும். நீங்களே அங்கே தேடி, வழக்கு எண்ணையும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையும் (ஒவ்வொரு வழக்குக்கும் அந்தத் தளத்தில் உள்ள தனி எண்) குறித்துக்கொள்ளுங்கள்.

3 நாளுக்குள் தீர்ப்பு நகல் கைக்கு வராது. அதற்காகப் பதிலைத் தள்ளிப்போடாதீர்கள். இன்றே எச்.ஆருக்கு மின்னஞ்சல் போடுங்கள்: வழக்கு எண், பிரிவுகள், எந்த ஆண்டு, எவ்வளவு அபராதம், அதற்குப் பிறகு வேறு வழக்கு எதுவும் இல்லை என்பது, சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டிருக்கிறேன் என்பது. அபராதத்தோடு முடிந்ததைத் தண்டனையாக எண்ணாததால் ‘இல்லை’ என்று எழுதிவிட்டதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். ‘பொய் கேஸ்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நீங்கள் ஒப்புக்கொண்டதாகக் கோர்ட்டின் வழக்குக் கட்டில் (கோப்பில்) இருக்கிறது. அடுத்த வாரம் அந்த நகலே உங்களை மறுத்துப் பேசும்.

நகலுக்கு, வழக்கு நடந்த ஜே.எம். (ஜுடீஷியல் மாஜிஸ்திரேட்) கோர்ட்டில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நகல் மனு கொடுக்க வேண்டும். வழக்கு எண், தீர்ப்புத் தேதி, தேவையான ஆவணம் (தீர்ப்பு, குற்றப்பத்திரிகை, அபராத ரசீது) மூன்றும் தெளிவாக இருக்கட்டும். தேதி இல்லாத மனு பெரும்பாலும் திரும்பிவிடும். சில்லறை வழக்குகளின் கட்டுகள் சில ஆண்டுகளில் அழிக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் ‘கட்டு அழிக்கப்பட்டது’ என்ற குறிப்போடு மனுவைத் திருப்பி வாங்குங்கள். அதுவும் ஒரு ஆவணம்தான்.

நகல் வந்ததும் கடைசிப் பத்தியைப் படியுங்கள். அபராதத்துக்குப் பதில், நன்னடத்தைச் சட்டம் 1958-இன் 3 அல்லது 4-ஆம் பிரிவில் எச்சரித்தோ ஜாமீன் பத்திரம் வாங்கியோ விட்டிருந்தால், அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும். தண்டனையால் வரும் தகுதியிழப்பு அப்படிப்பட்டவருக்கு இல்லை என்கிறது அந்தப் பிரிவு. குற்றவாளி என்ற தீர்மானம் மறையாது. ஆனால் கம்பெனியிடம் காட்டத்தக்க நல்ல வாதம்.

மேல்முறையீட்டில் பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம். ஒப்புக்கொண்ட வழக்கில், தண்டனையின் அளவும் சட்டப்படி அது சரியா என்பதும்தான் மேல்முறையீட்டில் பார்க்கப்படும். அதற்கும் 30 நாள் கெடு. பத்தாண்டுத் தாமதத்துக்குக் காரணம் சொல்வது சிரமம். ‘ரெக்கார்டை க்ளியர் பண்ணித் தர்றேன்’ என்று பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். வயது வந்தவர் பெற்ற தண்டனையைக் காலம் கடந்ததும் அழித்துவிடும் பொதுச் சட்டம் இந்தியாவில் கிடையாது. தனியார் கம்பெனி உங்களை எடுக்கக் கூடாது என்றும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது முழுக்க அவர்கள் முடிவு. அந்த முடிவு பெரும்பாலும் கேஸைவிட, மறைத்தீர்களா என்பதைப் பார்த்தே வரும்.

கேள்வி: என் இனிஷியல் ‘பழ.’ ஆங்கிலத்தில் பி.எல். எனக்கு ஐயா (தாத்தா) பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இதே பெயர். வேறு யாரோ ஒருவரின் செக் கேஸ் தண்டனை என் ரிப்போர்ட்டில் வந்து, ஆஃபரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். – வாசகர், கானாடுகாத்தான்

பதில்: செட்டிநாட்டுப் பெயர்களில் எதிர்பார்க்க வேண்டிய கோளாறு இது. ‘பழ.’ என்பது பழனியப்பன் என்ற ஒரே பெயரின் சுருக்கம். கம்ப்யூட்டரோ அதை ‘பி’, ‘எல்’ என்று இரண்டாகப் பிரித்து, லட்சுமணன் மகன் ஒருவரோடு பொருத்திவிடும். ‘ராம.’, ‘சித.’, ‘அரு.’ என்று விலாசம் (இனிஷியல்) போடுகிற எல்லோருக்கும் இதே ஆபத்து. இனிமேல் எந்தப் படிவத்திலும் இனிஷியலை விரித்து, தகப்பனார் பெயரை முழுதாக எழுதுங்கள். ஆதார், பான், பட்டச் சான்றிதழ் மூன்றிலும் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போதைக்கு, ரிப்போர்ட்டின் முழு நகலைக் கேட்டு வாங்குங்கள். ‘பொருந்தியது’ என்ற ஒற்றைச் சொல்லோடு விட்டுவிடாதீர்கள், சி.என்.ஆர். எண் வேண்டும். அதை வைத்து அந்த வழக்கின் புகாருக்கு நகல் மனுப் போடுங்கள். 138 வழக்குகளில் (மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வரும் செக் கேஸ்கள்) எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், தகப்பனார் பெயரும் முகவரியும் புகாரிலேயே இருக்கும். வங்கி, செக் எண் விவரமும் இருக்கும். உங்கள் ஆவணங்களை அதன் பக்கத்தில் வைத்து, வேறுபாடுகளை ஒரே பக்கத்தில் அட்டவணையாகப் போட்டு அனுப்புங்கள். ‘அந்த நபர் நான் அல்ல’ என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழியையும், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் விண்ணப்பித்துப் பெறும் சரிபார்ப்புச் சான்றையும் சேருங்கள். ஆனால் செக் கேஸ்கள் நேரடியாகக் கோர்ட்டில் போடப்படுபவை. போலீஸ் பதிவில் வருவதில்லை. ஆகவே அந்தச் சான்றை மட்டும் நம்பாதீர்கள்; புகார் நகல்தான் பேசும்.

வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 138-உம் குற்ற வழக்குதான். அப்பா கடைக்காக நீங்கள் போட்ட கையெழுத்து உங்கள் பெயரில் தண்டனையாக நிற்கலாம். அதே சட்டத்தின் 147-ஆம் பிரிவில் இதைச் சமாதானமாக முடிக்க இடமுண்டு, மேல்முறையீட்டுக் கட்டத்திலும்கூட. பணத்தைக் கொடுத்துவிட்டு, சமாதானத்தைக் கோர்ட்டில் பதியாமல் வந்துவிடுவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு.

கேள்வி: 2019-இல் அனுமதியில்லாமல் மஞ்சுவிரட்டு நடத்தியதாக ஊரில் 30 பேர் மேல் 188-ஆம் பிரிவில் (அரசு ஊழியரின் உத்தரவை மீறியது) எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். என் பெயரும் இருக்கிறது. சம்மன் எதுவும் வரவில்லை. போலீஸ் தேர்வு எழுதி பாஸாகிவிட்டேன். இதைச் சொல்ல வேண்டுமா? – வாசகர், திருப்பத்தூர் அருகில்

பதில்: கட்டாயம் சொல்லுங்கள். போலீஸ் வேலைக்கான விதி, தண்டனை பெற்றீர்களா என்பதோடு நிற்பதில்லை. குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டீர்களா என்றே பார்க்கிறது. சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும், புகார் கொடுத்தவர் பிறழ்ந்ததால் விடுதலையானாலும் ‘சம்பந்தப்பட்டவர்’ என்றே அந்த விதி எடுத்துக்கொள்ளும். கடுமையான விதி. அதற்காக மறைத்தால் இன்னும் மோசம்: வழக்குக்காகப் போகாத வேலையும் மறைத்ததற்காகப் போகும். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளும் உண்மையைச் சொன்னவருக்கே சாதகம். இளவயதில் செய்த சின்னக் குற்றத்தை மறைத்திருந்தால்கூட அதிகாரி மன்னிக்கலாம் என்று அதில் இருக்கிறது. ஆனால் அது அவர் விருப்பம்.

முதலில் எஃப்.ஐ.ஆர். எந்த நிலையில் இருக்கிறது என்று ஸ்டேஷனில் கேளுங்கள். குற்றப்பத்திரிகை தாக்கலாகவே இல்லை என்றால் உங்களுக்கு இரண்டு பிடி இருக்கிறது. ஒன்று, 188-க்கு அதிகபட்சம் 6 மாதம்தான் சிறை. ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களைக் கோர்ட் விசாரணைக்கு எடுக்க ஓராண்டே கெடு. இரண்டு, 188-இல் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்க முடியாது, உரிய அரசு ஊழியர் எழுத்துமூலம் கோர்ட்டில் புகார் தர வேண்டும் என்று 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்திருக்கிறது. சிவகங்கை மாவட்டத்துக்கும் அதே மதுரைக் கிளைதான். அங்கே எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கோரி மனுப் போடலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482 என்று சொல்லப்பட்ட மனு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதில் வந்த புதிய சட்டத்தில் 528-ஆம் பிரிவு.

எஃப்.ஐ.ஆரில் 188-ஓடு வேறு பிரிவு எதையாவது சேர்த்திருக்கிறார்களா என்று வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் எதையும் செய்யுங்கள். தாமதிக்கவும் வேண்டாம். சரிபார்ப்பு நடக்கும்போது வழக்கு நிலுவையில் இருந்து பிறகு நல்லபடி முடிந்தால், அடுத்த ஆள்சேர்ப்பில் கலந்துகொண்டுதான் உரிமை கேட்க முடியும் என்கிறது விதி. ரத்து உத்தரவு வந்ததும் ஸ்டேஷனில் கொடுத்து, கணினிப் பதிவிலும் ஏற்றச் சொல்லுங்கள். உத்தரவை வாங்கி பீரோவில் வைத்துவிட்டால் ‘விசாரணையில் உள்ளது’ என்ற வரி அங்கே அப்படியே கிடக்கும்.

கேள்வி: 16 வயதில் சைக்கிள் திருட்டு, சிறார் நீதிக் குழுமம் எச்சரித்து விட்டது. மத்திய அரசு வேலைப் படிவத்தில் எழுத வேண்டுமா? – வாசகி, மகனுக்காக, தேவகோட்டை

பதில்: கவலையை விடுங்கள் அம்மா. சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 24-ஆம் பிரிவுப்படி இதனால் எந்தத் தகுதியிழப்பும் இல்லை. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவுகளையே அழிக்க வேண்டும் என்கிறது சட்டம். கொடுங்குற்றத்துக்காக 16 வயது நிறைந்தவரைப் பெரியவர்போல விசாரித்துத் தண்டித்த வழக்குகள் மட்டுமே விதிவிலக்கு; உங்கள் மகன் அதில் வரமாட்டார். ‘தண்டனை’ பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்றே எழுதலாம். மத்திய அரசின் உறுதிமொழிப் படிவம் கைது, வழக்கு என்று தனித்தனியாகக் கேட்கும். அந்தக் கட்டங்களுக்குக் குழும உத்தரவின் நகலை வக்கீலிடம் காட்டிவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: சிங்கப்பூர் வேலைக்கு போலீஸ் சான்று கேட்கிறார்கள். ஸ்டேஷனில் வாங்கினால் போதுமா? – வாசகர், கல்லல்

பதில்: போதாது. வெளிநாட்டுக்கான பி.சி.சி. (போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட்) பாஸ்போர்ட் அலுவலகம் தருவது. சிவகங்கை மாவட்டத்துக்கு மதுரை, புதுக்கோட்டை மாவட்டத்துக்குத் திருச்சி. வழக்கு முடிந்திருந்தால் தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு போங்கள். ஸ்டேஷன் பதிவில் இன்னும் ‘நிலுவை’ என்று இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே திருத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: வழக்கில் விடுதலையாகிவிட்டேன். என் பெயரைக் கூகுளில் போட்டால் தீர்ப்பு வருகிறது. நீக்க முடியுமா? – பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளை, விடுதலையான ஒருவரின் தீர்ப்பை இணையதளம் ஒன்றிலிருந்து நீக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. அதனால் நீக்கும் முயற்சியில் பணத்தைக் கொட்டுவதைவிட, விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை ஸ்கேன் செய்து வைத்திருங்கள். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் தொடங்கும்போது நீங்களே முதலில் அனுப்பிவிடுங்கள்.