ரஷ்ய வரைபடத்தின் 'யார்': வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கிராஸ்நோயார்ஸ்க், யாரோஸ்லாவ்ல், யார்-சாலே என்று ரஷ்ய ஊர்ப்பெயர்கள் பலவற்றில் 'யார்' வருகிறதே, எல்லாம் ஒரே சொல்லா?

பதில்: இல்லை. ஒலிதான் ஒன்று. மூன்றும் வெவ்வேறு மொழிக் குடும்பங்களிலிருந்து வந்தவை.

கிராஸ்நோயார்ஸ்கில் இருப்பது துருக்கிய மொழிக் குடும்பத்துச் சொல். ஆறு அரித்துச் செங்குத்தாக நிற்கும் கரைக்கு அந்தப் பெயர். யெனிசெய் ஆற்றோரம் 1628-ல் கட்டிய கோட்டையைக் 'கிராஸ்னி யார்', அதாவது செங்கரை, என்றார்கள். அருகே வாழும் ககாஸ் மக்களின் மொழியிலும் ஊர்ப்பெயருக்கு அதே பொருள்தான். ஆனால் அவர்கள் வாயில் 'யார்' என்பது 'ச்சார்' ஆகிவிடும். துருக்கிய மொழிகளில் சொல்லின் முதலில் வரும் யகரம் இப்படி மாறுவது வழக்கம்: தாத்தார் மொழியில் 'யார்', கசக்கில் 'ஜார்'.

சைபீரியப் படகோட்டிகளுக்கு இது அன்றாடச் சொல். ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கக் கரையின் அடியை நீரோட்டம் குடைகிறது. மேல்மண் சரிந்து விழ, சுவர்போல் கரை நிற்கிறது. அதுதான் 'யார்'. எதிரே, உள்வளைவில் மணல் படியும். ஆழமான நீர் 'யார்' ஓரமாகவே ஓடுவதால், நீர் வற்றும் காலத்தில் படகு அந்தப் பக்கம்தான் போகும். ஆனால் கரையோடு சரிந்த மரங்கள் அடியில் கிடக்கும். மிகவும் ஒட்டிப் போனால் படகு மாட்டிக்கொள்ளும்.

ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் உறைமண் நிலத்தில், கரை சரியச் சரியப் பழைய அடுக்குகள் வெளிப்படுவதால் 'யார்' ஓர் ஆய்வுக்களமாகவே ஆகிவிடுகிறது. வடகிழக்குச் சைபீரியாவில் ஓடும் கோலிமா ஆற்றின் 'துவான்னி யார்' கரையில், அணில் வளைகளில் சுமார் 32,000 ஆண்டுகள் உறைந்து கிடந்த காய்களின் திசுவிலிருந்து ரஷ்ய ஆய்வாளர்கள் செடியை வளர்த்துப் பூக்கவும் வைத்தார்கள். 2012-ல் அந்த முடிவு வெளியானது.

உக்ரேனிய மொழியில் இதே சொல் ஆற்றங்கரையை விட்டு விலகி, மழைநீர் அறுத்த பள்ளத்தாக்கைக் குறிக்கிறது. கீவ் நகரின் 'பாபின் யார்' அப்படிப்பட்ட பள்ளம். 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரு நாட்களில் நாஜிப் படையினர் 33,771 யூதர்களைச் சுட்டுக் கொன்றது அங்கேதான்.

யாரோஸ்லாவ்ல் உயர்ந்த வோல்கா கரையில் இருப்பதால் பலர் ஏமாந்துபோவார்கள். அது 'யாரோஸ்லாவ் இளவரசனுடையது' என்று பொருள்படும் பெயர். ஆள் பெயரில் உள்ள 'யார்', வேகமும் சீற்றமும் குறிக்கும் ஸ்லாவியச் சொல். ரஷ்யனில் கடுங்கோபத்தைச் சொல்லும் 'யாரஸ்த்' இதன் உறவு.

யார்-சாலே சைபீரியாவின் வடகோடியில் உள்ள யமால் தீபகற்பத்து ஊர். அங்கே துருக்கியமும் ஸ்லாவியமும் அல்லாத வேறு குடும்பத்து நெனெத்ஸ் மொழி. 'யார்' மணல், 'சாலே' முனை. ரஷ்யப் படகோட்டிக்கு 'யார்' கரையும் மணல் கரையும் எதிரெதிர்ப் பக்கங்கள், நெனெத்ஸ்காரருக்கோ அந்த ஒலியே மணல்!

கேள்வி: செக் மொழியில் 'யாரோ' என்றால் வசந்தகாலமாமே?

பதில்: ஆம். ஸ்லோவாக்கில் 'யார்'. ரஷ்யனில் வசந்தத்தில் விதைக்கும் கோதுமைக்கு 'யாரவாயா' என்ற அடைமொழி உண்டு. ஆங்கிலத்தின் 'இயர்', ஜெர்மனின் 'யார்' (ஆண்டு) ஆகியவற்றோடு இதற்கு ஒரே இந்தோ-ஐரோப்பிய வேர். சீற்றத்தைக் குறிக்கும் 'யார்' இதனோடு சேர்ந்ததா என்பதில் மொழியியலாளர்கள் ஒத்துப்போகவில்லை. ரஷ்யனில் சந்தையைக் குறிக்கும் 'யார்மர்க்கா' ஜெர்மனிலிருந்து போலிஷ் வழியாக வந்தது: 'ஆண்டுச் சந்தை'. ஆகவே அது சுற்றுவழியில் வசந்தத்துக்குச் சொந்தம், கரைக்கு அல்ல.

கேள்வி: வரைபடத்தைப் பார்த்து எந்த 'யார்' என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். கிராஸ்னி (சிவப்பு), பெலி (வெள்ளை), ச்சோர்னி (கறுப்பு) போன்ற ரஷ்ய அடைமொழி முன்னால் நின்றால் பெரும்பாலும் கரை. 'ஸ்லாவ்', 'மிர்' பின்னால் ஒட்டியிருந்தால் ஆள் பெயர். ஓப் ஆற்று முகத்துவாரத்துக்கு வடக்கே போய்விட்டால் துருக்கிய, ஸ்லாவிய அகராதிகளை மூடிவிட்டு நெனெத்ஸ் அகராதியைத் திறக்க வேண்டும். ஊர் உயரமான கரையில் இருப்பதை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள். வெள்ளத்துக்கு அஞ்சி, பெயர் எதுவானாலும் பல ஊர்களை மேட்டில்தான் கட்டினார்கள்.