கொறை மாசக் குழந்தைக்கு பாட்டில் பால் கொடுக்கும்போது எப்படிப் புடிக்கணும்? என்ஐசியு சிஸ்டர் பதில் சொல்றாங்க

வணக்கம். என்ஐசியுல, அதாவது பச்சக் குழந்தைங்களுக்கான ஐசியுல, நர்ஸா இருக்கேன், கொறை மாசக் குழந்தைங்களுக்கு வாயால பால் குடிக்கப் பழக்கறதுதான் எங்களுக்கு பெரிய வேலையே. முதல்லயே சொல்லிடறேன், நேரா தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு பாட்டில் தேவையே இல்ல. பாட்டில்ல கொடுக்கலாம்னு டாக்டர் சொல்லி வீட்டுக்கு அனுப்பின குழந்தைங்களுக்குத்தான் கீழ இருக்கறதெல்லாம்.

கே: அக்கா, பையன் 31 வாரத்துல பொறந்தான், இப்ப கர்ப்பத்துல இருந்து கணக்கு பாத்தா 36 வாரம் ஆகுது. மடியில மல்லாக்க வச்சு கொடுத்தா ஒவ்வொரு தடவையும் புரை ஏறுது. பயமா இருக்கு.

ப: பயப்படாதம்மா, புடிக்கிற விதத்தை மாத்தினாலே பாதி சரியாகும். சப்பணும், முழுங்கணும், நடுவுல மூச்சு விடணும், இந்த மூணும் சேர்ந்து வர்றதே 34 வாரத்தை ஒட்டித்தான், அதுக்கு அப்புறமும் சட்டுனு பழகிடாது. மல்லாக்க இருக்கும்போது குழந்தை சப்பாம இருந்தாலும் பால் தானா தொண்டைக்குப் போயிடும், அவன் மூச்சு எடுக்கற நேரமும் பால் வர்ற நேரமும் ஒண்ணாச்சுன்னா புரைதான்.

அதனால ஒருக்களிச்சு வச்சு கொடு. முதுகு சாய்ஞ்ச சேர்ல உக்காந்துக்க, காலுக்குக் கீழ ஒரு சின்ன ஸ்டூல் போட்டா முட்டி மேல ஏறும். தலை உன் முட்டிப் பக்கம், குண்டி உன் வயித்துப் பக்கம் வர்ற மாதிரி தொடைமேல நீளவாக்குல படுக்க வை, அப்படியே இடது பக்கமா திருப்பு, முகம் உன் வலது கையைப் பாக்கும். இடது கை அவன் கழுத்துக்கும் முதுகுக்கும் பின்னாடி இருக்கட்டும், தலையைப் புடிச்சு அமுக்காத. காது, தோள், இடுப்பு மூணும் ஒரே கோட்டுல இருக்கணும், தலை இடுப்பை விட நல்லா ஒசரத்துல இருக்கணும், தாடை நெஞ்சுல போய் முட்டவும் கூடாது, அண்ணாந்தும் இருக்கக் கூடாது. மெல்லிசான காட்டன் துணியால சுத்திக்க, ரெண்டு கையும் முகத்துப் பக்கம் மடங்கி இருந்தா அடங்கி நல்லா குடிப்பான். பாட்டிலை செங்குத்தா கவுக்காம தரைக்குச் சமமா புடி, நிப்பிள்ல பாதி பால் இருந்தா போதும், கொஞ்சம் காத்து போனா ஏப்பத்துல வந்துடும். இப்படி வச்சா அதிகமா வர்ற பால் தொண்டைக்குப் போகாம கன்னத்துல தங்கும், இல்லன்னா கடைவாய் வழியா வெளிய வழியும், அவன் முழுங்கறதுக்கு நேரம் கிடைக்கும்.

கே: சிஸ்டர், மூச்சு விடாம மடமடன்னு குடிக்கிறா, அப்புறம் திடீர்னு உதடு ஓரம் ஒரு மாதிரி ஆகுது. நிறுத்தி நிறுத்தி கொடுன்னாங்க, எப்படி?

ப: உதட்டைச் சுத்தி நீலமாவோ சாம்பலாவோ ஆனா பாட்டிலை உடனே எடுத்துடு, நிமித்தி உக்கார வச்சு லேசா முன்னாடி சாச்சு முதுகைத் தடவு. உடனே நிறம் திரும்பலன்னாலோ துவண்டுட்டாலோ 108, யோசிக்கவே கூடாது. உடனே சரியானாலும் அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லிடணும்.

அந்த அளவுக்குப் போறதுக்கு முன்னாடியே குழந்தை சொல்லிடும், நாமதான் பாக்கணும். புருவம் மேல ஏறும், விரலெல்லாம் விசிறியா விரியும், மூக்கு விடைக்கும், வாய் ஓரம் பால் ஒழுகும், முழுங்கும்போது கடக்கடக்னு சத்தம் வரும். இதுல ஒண்ணு வந்தாலும் பாட்டிலோட அடியைக் கீழ இறக்கு, நிப்பிள் வாயிலயே இருக்கட்டும், அதுக்குள்ள இருக்கற பால் மட்டும் பின்னாடி போயிடும். ரெண்டு மூணு மூச்சு நிதானமா எடுத்து மறுபடி சப்ப ஆரம்பிச்சா திரும்ப தூக்கு. இப்படி மடமடன்னு குடிக்கிற குழந்தைக்கு மூணு நாலு முழுங்குக்கு ஒரு தடவை நீயே இறக்கிடலாம், அவ தவிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

கே: மாமியார் ஊசியைக் காய்ச்சி நிப்பிள் ஓட்டையைப் பெருசாக்கினா சீக்கிரம் குடிச்சு முடிச்சிடும்ங்கறாங்க...

ப: தயவு செஞ்சு செய்யாதீங்க. சீக்கிரம் முடியறது குழந்தைக்கு நல்லதே இல்ல, பால் வேகமா வர்றதுதான் பிரச்சனையே. பால் மெதுவா வர்ற ஸ்லோ ஃப்ளோ நிப்பிள் வாங்குங்க. கம்பெனிக்கு கம்பெனி வேகம் மாறும், அதனால ஒண்ணு ஒத்துவந்தா அதையே வச்சுக்குங்க.

கே: 60 மில்லி கொடுக்கச் சொன்னாங்க, 40லயே தூங்கிடறா. கன்னத்தை தட்டி நிப்பிளை ஆட்டி ஆட்டி மிச்சத்தையும் கொடுத்துடறேன், சரியா?

ப: வேணாம்மா. அந்த 60ங்கற நம்பர் நம்மளைப் படுத்தற பாடு எனக்குத் தெரியும், எடை ஏறணுமேங்கற கவலை இருக்கும்ல. ஆனா தூக்கத்துல இருக்கற குழந்தை வாயில ஊத்தினா அது முழுங்கறது இல்ல, சும்மா உள்ள போறது. ஏப்பம் எடுக்க வச்சுப் பாரு, முழிச்சு வாயைத் தேடினா கொடு, இல்லன்னா விட்டுடு. ஒரு வேளைக்கு 20 நிமிஷம், மிஞ்சிப் போனா 30, அதுக்கு மேல குடிக்கிற சிரமத்துலயே குழந்தை களைச்சிடும். எல்லா வேளையும் இப்படியே மிச்சம் வச்சாலோ, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சாலோ அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காத, எடை பாக்கணும்.

கே: எங்க ஆஸ்பத்திரியில பாட்டிலே கூடாது, மூக்கு வச்ச சின்னக் கிண்ணம் இருக்கே, அந்த பாலாடைலதான்னு சொன்னாங்க. பாட்டி காலை நீட்டிப் போட்டு அதுமேல படுக்க வச்சு ஊத்தறாங்க. இது ஓகேவா?

ப: பாலாடை ரொம்ப நல்லது, கழுவறது சுலபம், நம்ம ஊர் என்ஐசியுலயும் 32 வாரத்தை ஒட்டி அதுலதான் ஆரம்பிப்போம். நம்ம நாட்டுல குழந்தைங்க பால் பவுடர், பாட்டில் விளம்பரத்தையே 1992 சட்டம் தடுக்குது, அவங்க சொன்னதுல தப்பில்ல. ஆனா கால்மேல மல்லாக்கப் போட்டு ஊத்தறது கொறை மாசக் குழந்தைக்கு ஆகாது. பாட்டிகிட்ட பக்குவமா சொல்லுங்க, அரை உக்காந்த மாதிரி கையில சாச்சுக்கிட்டு பாலாடை மூக்கை வாய் ஓரத்துல வச்சு பால் உதட்டைத் தொடற அளவு மட்டும் சாய்க்கணும், குழந்தை நாக்கால இழுத்து முழுங்கின அப்புறம்தான் அடுத்தது.

கே: ஒருக்களிச்சு குடிச்சா நல்லா இருக்கான், அப்படியே தலகாணி சொருகி தூங்க வச்சுடலாமா?

ப: கூடவே கூடாது. பக்கவாட்டு போஸ் நீங்க முழிச்சு பாத்துக்கிட்டு இருக்கும்போது குடிக்க மட்டும். குடிச்ச பிறகு 20 நிமிஷம் தோள்ல நிமித்திப் போட்டு ஏப்பம் வந்ததும் மல்லாக்கத்தான் தூங்க வைக்கணும், தலகாணி எதுவும் வேண்டாம். பாட்டிலை துணியில முட்டுக் கொடுத்துட்டு வேற வேலைக்குப் போறதும் வேண்டாம்.

கே: அக்கா நான் அப்பா, நைட் ஃபீட் நான் கொடுக்கலாமா? எப்ப சாதாரணமா மடியில வச்சு கொடுக்கலாம்?

ப: தாராளமா கொடுங்க தம்பி, ஆனா பகல்ல ரெண்டு தடவை உங்க வீட்டம்மா கொடுக்கறதைப் பக்கத்துல உக்காந்து பாருங்க, ரெண்டு பேரும் ஒரே மாதிரி புடிச்சா குழந்தை குழம்பாது. நைட்ல மூஞ்சி நிறம் தெரியற அளவுக்கு லைட் போட்டுக்குங்க. மடிக்கு மாறதுக்கு தேதி கிடையாது. பால் ஒழுகாம, நீங்க பாட்டிலை இறக்காமலே அவனே நிறுத்தி மூச்சு விட்டுக் குடிக்கிறான்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு கொஞ்சம் கொஞ்சமா மாத்திப் பாருங்க, புரை ஏறினா மறுபடி ஒருக்களிச்சே கொடுங்க.