பதில்: பள்ளியில் தூங்கிவிடும் மகள்

குலசேகரத்துச் சகோதரிக்கு, விடியுமுன் நீங்கள் இருவரும் ரப்பர் பால் வெட்டப் போய்விடுவதால், மூன்றாம் வகுப்பு மகள் வெறும் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) குடித்துவிட்டுப் போகிறாள், வேன் சேர்வதற்குள் அரசுப் பள்ளியில் காலை உணவு முடிந்துவிடுகிறது, பதினோரு மணிக்குத் தூங்கி விழுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கேட்கவில்லை.

பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். முதலில் பசியைப் பாருங்கள். 2023 ஆகஸ்டிலேயே காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. அது அவளுக்கும் உரிய சாப்பாடு.

தலைமை ஆசிரியரை நேரில் பாருங்கள். நான் அந்தப் பொறுப்பில் இருந்தபோது இதே சிக்கல் வந்தது. வேன்காரரிடம் பேசி, தூரத்துப் பிள்ளைகளை முதல் நடையில் ஏற்ற வைத்தேன். ஒரு பைசா செலவில்லை. காலையில் வாசலில் நின்றால்தான் எந்த முகம் வாடி வருகிறது என்று தெரியும். தலைமை ஆசிரியர் அசையவில்லை என்றால், பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான்.

அதுவரை பழங்கஞ்சியோடு அவித்த சிறுபயறு கொடுங்கள். மரச்சீனிக் கிழங்கு மட்டும் போதாது. கட்டஞ்சாயாவை நிறுத்திவிடுங்கள், சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை அது உடம்பில் சேரவிடாது. அப்புறம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.